ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

என் மகளுக்குத் தலைவலி வந்தால் அது ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும் என்று எங்கள் தெருவே சொல்லிச் சிரித்த ஒரு காலம் இருந்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் சங்கு குளிப்பவர் வீட்டில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அப்போதே வாங்கிக் கட்டிக்கொள்ளும்படி பதில் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே. என் வீட்டுக்காரர் சங்கு குளிப்பவர். நான் கல்யாணமாகி வந்தபோதே முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்தது. பெயர்தான் முத்து நகரம், பிழைப்பு சங்கில்தான். அவர் கடலுக்கு அடியில் இருக்கும்போது வள்ளத்தில் நின்று அவருக்குக் கயிறு பிடித்தவர் என் சொந்த அண்ணன். நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் பகலெல்லாம் ஊரைப் புழுதியாக்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

குளிப்புக்குப் போகும் நாளில் வீட்டில் யாரும் நோவைப் பற்றிப் பேசக் கூடாது. ஆண்பிள்ளை கண் விழித்தது முதல் வள்ளம் கரையை விட்டுப் போய் வெயில் ஏறும்வரை தலைவலி, காய்ச்சல், மூச்சு முட்டுகிறது, மயக்கம் வருகிறது என்ற வார்த்தைகள் வாயில் வரக் கூடாது. தண்ணீருக்கு அடியில் போகிறவனுக்குத் தலையும் மூச்சும்தான் முதல். அந்த இரண்டுக்கும் ஆகாத சொல் காதில் விழுந்தால் அது கூடவே அடிக்குப் போய்விடும் என்பார்கள். பூசை தவறினாலும் தவறும், இது தவறாது. மாத விலக்கு வலியாக இருந்தாலும் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு நின்று, அவர் படியிறங்கின பிறகுதான் அடுப்படியில் குந்துவோம்.

என் மகள் பிறந்ததே அப்படித்தான். விடியற்காலையில் இடுப்பு வலி கண்டுவிட்டது. அவர் பழைய சோறு சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, மெதுவாக எழுந்து போகிறவரை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மனுஷன் அன்றைக்குப் பார்த்துச் செபத்தை நீட்டினார். தெரு முனையை அவர் தாண்டிவிட்டார் என்று தெரிந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவர் சங்கோடு திரும்பி வந்தபோது மகளைக் கழுவித் துடைத்துக் கிடத்தியிருந்தார்கள். கெட்டிக்காரி என்று என்னை மெச்சினார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஆறாவது வயதில் அவளுக்கு நடை மாறியது. ஆடும் வள்ளத்தில் நிற்கிறவளைப் போலக் காலை அகட்டி வைத்து நடந்தாள். கடல்காரன் பிள்ளை அல்லவா என்று தெருவில் கேலி செய்தார்கள். பிறகு காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்பாள்; உடனே வாந்தி எடுப்பாள். குளிப்பு இல்லாத மாதங்கள் அவை. அப்பா வீட்டில் இருந்தார். வாய்க்குப் பூட்டு இல்லை. வலித்தால் வலிக்கிறது என்றாள், நாங்களும் கேட்டோம். உள்ளூர் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியதும் அவரே பயந்து மதராஸுக்கு எழுதிக் கொடுத்தார்.

மதராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் தலைக்குள் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். பின்மூளையில் கட்டி. அந்தக் கட்டி வழியை அடைத்துக்கொண்டதால், மூளைக்குள் ஊறும் நீர் வடிய இடமில்லாமல் தேங்குகிறது என்றார்கள். அதனால் முதலில் ஒரு குழாய். மூளைக்குள் ஒரு முனை, காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்துத் தோலுக்கும் நெஞ்சுத் தோலுக்கும் அடியில் ஓடி, வயிற்றுக்குள் இன்னொரு முனை. தலையில் தேங்குகிற நீர் வயிற்றில் வடிந்துவிடும். பிறகுதான் கட்டியை முடிந்த மட்டும் எடுத்து, மிச்சத்தைக் கருக்கக் கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்தார்கள்.

காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், சுண்டைக்காய் அளவில் ஒரு மேடு இருந்தது. அது குழாயின் அடைப்பான். தினம் ஒரு தடவை அதைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் டாக்டர். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும். நான் தையல்காரி, விரலுக்கு நுணுக்கம் உண்டு. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன். புறப்படும் நாளில் டாக்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

“காலையில எழுந்ததும் தலைவலின்னு குழந்தை சொன்னா, குழாய் அடைச்சிருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்கம்மா. உடனே ரயில் ஏறிடுங்க.”

இதை நான் மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை.

ஊருக்கு வந்தோம். மொட்டைத் தலையில் முடி முளைத்தது. நடை நேராகி வந்தது. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் என் பெருவிரல் ஏங்குகிறது. தினமும் அவளை மடியில் சாய்த்து, முளைத்து வரும் முடியை விலக்கி, அந்தச் சிறிய மேட்டை அழுத்துவேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். காதோரம் தேங்காய் எண்ணெய் வாசனை வரும். அழுத்தி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்க மாட்டாள், நானும் எழுப்ப மாட்டேன். இன்றைக்கும் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தால் என் கண் அவள் காதுக்குப் பின்னால்தான் போகிறது. கையை மடியில் அடக்கி வைத்துக்கொள்கிறேன்.

ஐப்பசியில் குளிப்பு தொடங்கியது. அப்பா புறப்படும் நேரத்துக்கு அவளும் எழுந்துவிடுவாள். நானாக எழுப்பியதில்லை. அவர் போன பிறகும் திரும்பப் படுக்க மாட்டாள். வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்த்தபடி இருப்பாள். படுளா, இருட்டில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், சும்மா என்பாள். அப்பாமேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன். வெயில் ஏறி, பள்ளிக்குப் புறப்படும் முன்பு, தலை வலிக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்பாள். மேட்டை அழுத்துவேன். அமுங்கும், எழும்பும்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கடல் இல்லை. அப்பா விடிந்த பிறகும் தூங்குவார். அன்றைக்குக் காலையில்தான் வந்தது அந்தத் தலைவலி.

கோயிலில் முதல் மணி அடிக்கும்போது, “அம்மா, தலை வலிக்கு,” என்றாள். ரயில் ஏறத்தான் வேண்டும் என்று பெட்டியை இறக்கினேன். ஆனால் பூசைக்கு மற்றவர்கள் புறப்பட்டுப் போன கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பல்லாங்குழி கேட்டாள். அடுத்த நாள் வலி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாரம் முழுவதும் இல்லை. அடுத்த ஞாயிறு முதல் மணிக்கு மறுபடி தலைவலி. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

இவள் நோய் வருவதற்கு முன்பே பூசைக்கு டிமிக்கி கொடுப்பதில் பேர் போனவள். நீளப் பிரசங்கம் என்றால் வயிற்று வலி, ஞானோபதேச வகுப்பு என்றால் கால் சுளுக்கு. ஆகவே நான் நியாயம் பேசினேன். ரப்பர்க் குழாய்க்குக் கிழமை தெரியுமா? திங்கள் முதல் சனிவரை நன்றாக ஓடி, ஞாயிறு ஒரு நாள் மட்டும் அடைக்குமா? கேட்டவர்கள் எல்லாரும் சரிதான் என்றார்கள். பங்குச் சாமியார்கூட, உன் தலைக்குள் குழாய் வைத்த டாக்டர் நம் வேதக்காரர் இல்லை போலிருக்கிறதே, பூசை நாளில் மட்டும் வலிக்கிறதே என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். அவளும் சிரித்தாள். அண்ணன் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நோயாளி என்று பட்டம் கட்டினார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரங்களில் புயல் சின்னம் வந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள். ஒரு வள்ளமும் இறங்கவில்லை. ஆண்பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில், அம்மா, தலை வலிக்கு என்றாள். இன்றைக்கு ஏது பூசை, எதற்கு இந்த வேஷம் என்று நான் சிரித்தேன். செவ்வாய்க்கிழமையும் வலிக்கு என்றாள். புதன்கிழமை அவள் வாய் திறந்ததும் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தேன். எந்த நியாயத்தைத் தெருவெல்லாம் பேசினேனோ அதே நியாயம் என்னைப் பார்த்துத் திரும்பி நின்றது. குழாய்க்குக் கிழமை தெரியாது. கிழமை தெரிந்தது பிள்ளைக்கு.

அவளைப் பிடித்து உட்கார வைத்து, போன வாரம் எந்த நாள் வலித்தது என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மூலையில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா இன்னைக்குக் கடலுக்குப் போகலளா. சொல்லு.”

“எல்லா நாளும் வலிச்சுது,” என்றாள். “அப்பா கடலுக்குப் போறாவல்லா, அதான் சொல்லல. படுத்தா ரொம்ப வலிக்கும். வாசல்ல உக்காந்தா கொஞ்சங் கொஞ்சமாப் போயிரும். நீங்க கேக்கும்போது வலிக்காதும்மா.”

அவள் பொய்யே சொல்லவில்லை. நான் கேட்ட நேரத்தில் வலி இல்லை, இல்லை என்றாள். வலித்த நேரம் எங்கள் வீட்டில் சொல்லக் கூடாத நேரம். யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று, அந்தத் தலையை வைத்துக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் கயிற்றைக் கீழே போட்டார். மழையில் இறங்கி, டிக்கெட் எடுக்க ரயில் ஸ்டேஷனுக்குப் போனார்.

மதராஸில் டாக்டர் விளக்கைப் பிடித்து அவள் கண்ணுக்குள் பார்த்தார். கண் நரம்பு வீங்கியிருக்கிறது, எவ்வளவு நாளாகத் தலைவலி என்றார். நான் சொன்னேன். காலைத் தலைவலி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள் என்றுதானே சொன்னேன் என்று கத்தினார். எங்கள் வீட்டுக் காலையைப் பற்றி அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்ல? மேட்டை அழுத்தினால் எழும்பியதே என்று கேட்டேன். சில சமயம் அது நம்மை ஏமாற்றிவிடும் என்று குரலைத் தணித்துக்கொண்டார். வயிற்றுக்குள் இருந்த முனையைக் கொழுப்பு போர்த்தி அடைத்திருந்தது. வயிற்றைத் திறந்து முனையை மாற்றினார்கள். தலைவலி நின்றது. இடது கண்ணில் பாதிப் பார்வை போனது போனதுதான்.

இதை நான் பாவசங்கீர்த்தனமாக எழுதவில்லை. அதற்குக் கோயிலில் தனி இடம் இருக்கிறது, அங்கே சொல்லியாயிற்று. எனக்கு இன்றைக்கும் இருப்பது கோபம்தான். ஒரு சொல்லுக்குப் பயந்து நாங்கள் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோமே என்ற கோபம். கோபத்துக்கு அடியில் அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அது ஒரு நாளும் குறைந்தபாடில்லை.

திரும்பி வந்து முதல் தடவை கடலுக்குப் புறப்பட்ட காலையில், அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து நேரே அவள் பாயருகில் போய்க் குந்தினார். தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்.

“ஏளா, தலை வலிக்கா?”

குசினியிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். வாசலில் காத்திருந்த அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். பிள்ளை மிரண்டுபோய் இல்லை இல்லை என்றாள். அவர் விடவில்லை. அவள் முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“நீ சொல்லாம இருந்தா, உனக்கு வலிக்கோ என்னவோன்னு தண்ணிக்குள்ள நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன். மூச்சைப் பிடிச்சு நிக்க முடியாது. சொல்லிட்டின்னா நிம்மதியா முங்குவேன்.”

அண்ணன் அன்றைக்கு வேறு வள்ளத்தில் ஏறிவிட்டார். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவனுக்குக் கயிறு பிடிக்க முடியாது, தங்கச்சி தாலியை நான் அறுக்கவா என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். வேறு ஒருவன் கயிறு பிடித்ததைப் பொறுக்க முடியாமல் அவரே திரும்பி வந்தார். ஆனால் எங்கள் தெரு முனையிலேயே நின்று, எண்ணெய்ப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டுதான் வீட்டுப் பக்கம் வருவார். நான் வேண்டுமென்றே அவரிடம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பேன். காது கேட்காதவர் போல நிற்பார். பிறகு தட்டை மட்டும் நீட்டுவார்.

தினமும் கேள்வி நடந்தது. மெல்ல மெல்ல அவளுக்குப் பழகியது. இல்லப்பா, போயிட்டு வாங்க என்று தூக்கக் கலக்கத்தில் சொல்வாள். சில நாள் கேள்விக்கு முன்பே பதில் வரும். அந்தக் குரல் கேட்ட காலைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். பெரிய நோயை வீட்டில் வைத்துக்கொண்டு சந்தோஷம் என்று எழுதுகிறேனே என்று தோன்றலாம். இருந்தேன், உண்மையாகவே இருந்தேன். அந்தக் காலைகளில் ஒன்றை யாராவது திரும்பத் தருவதாகச் சொன்னால் எதையும் கேட்காமல் வாங்கிக்கொள்வேன்.

தவக்காலத்தில் ஒரு நாள், “கொஞ்சம் வலிக்குப்பா,” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் இடுப்பில் கட்டியிருந்த குளிப்புத் துணியை அவிழ்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். பிள்ளையின் கழுத்தில் குழாய் ஓடின வழியெல்லாம் சிவந்து தொட்டால் சுட்டது. அன்றைக்கே ரயில் ஏறினோம். குழாயில் சீழ் பிடித்திருந்தது. அதை உருவி எடுத்து, தலையிலிருந்து நீரை வெளியே ஒரு புட்டியில் வடியவிட்டு, ஊசி மேல் ஊசி போட்டு, பிறகு மறுபக்கம் புதுக் குழாய் வைத்தார்கள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு அவர் எங்களைப் பார்த்துக் கத்தவில்லை. வலிக்கு என்று அவள் சொன்னதால் எங்களுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கிடைத்தது.

கட்டி மறுபடி வளர்ந்தது. இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். குழாய் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். குழாய் நன்றாக ஓடுகிறதம்மா என்றார் டாக்டர். கடைசி வரை அது நன்றாகத்தான் ஓடியது. கடைசி மாதங்களில் அவர் கடலுக்குப் போகவில்லை. பேச்சு குழறிப்போன பிறகும் காலையில் அவர் கேட்பார். அவள் அவருடைய விரலை அழுத்துவாள். ஒரு மத்தியானம், நான் தலையைக் கோதிக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள்.

அவளுக்கு நாற்பதாம் நாள் பூசை முடிந்தும் அவர் கடலுக்குப் போகாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் அண்ணன் வந்து வாசலில் நின்றார். இவர் எழுந்து சாப்பிட்டார், வாய் கொப்பளித்தார், முழந்தாளிட்டார். படியிறங்கப் போனவர், வழக்கமாக அவளைக் கேட்கிற அந்த நேரத்துக்கு நின்றுவிட்டார். பாய் விரித்திருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே கேட்க ஒருவரும் இல்லை. நான் குசினி வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏளா,” என்றார் என்னைப் பார்த்து. “எனக்கு நெஞ்சு வலிக்கு.”

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு விடியற்காலையிலும் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அவர் தகப்பனார் வாயிலிருந்தும் வந்திருக்காது. வாசலைப் பார்த்தேன். அன்றைக்கு அண்ணன் காதில் பஞ்சு இல்லை.

“எனக்கும் வலிக்குங்க,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அண்ணன் வந்து அவர் தோளில் கை போட்டார். இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள்.